வான வீட்டுத் தூசி

அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஜொலிக்கவில்லை. ஆனாலும் கையை அருகே கொண்டுபோனால், "அம்மாடி, சுடும்!" என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒளிக்குத்தான் அகச்சிவப்புக் கதிர் என்று பெயர். அந்தக் கதிரைக் கொண்டு வேற்றுச் சூரியன்களின் வீட்டுத் தூசியைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள்.

1983-ஆம் ஆண்டு ஜனவரியில் ஐராஸ் என்ற செயற்கைக் கோளை வானில் ஏவினார்கள். பூமியிலிருந்தே பார்த்தால் ஆகாதா என்பீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். அங்கே மேகமே வந்து புடவையை நனைத்துவிட்டுப் போகும். காற்றிலுள்ள ஈரம் இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, தொலைநோக்கி சூடாக இருந்தால் அதன் வெப்பமே பார்வையை மறைத்துவிடும். ஆகவே திரவ ஹீலியத்தால் அதைக் குளிர வைத்து மேலே அனுப்பினார்கள்.

தராசைச் சரிபார்க்க எடைக்கல் வேண்டுமே! அதற்கு அபிஜித் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமன், கில்லெட் என்ற இரு விஞ்ஞானிகள் அளந்து பார்த்தால், வரவேண்டியதைவிடப் பல மடங்கு வெப்பக் கதிர் வந்தது. எடைக்கல்லிலேயே மோசமா? இல்லை. அபிஜித்தைச் சுற்றி ஒரு தூசி வளையம் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தது!

அபிஜித் நம் சூரியனைவிடப் பெரியது. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களின் கதை என்ன? 10.5 ஒளியாண்டு தூரத்திலுள்ள எப்சிலான் எரிடானியிலும் தூசி இருந்தது. பிறகு 2009 முதல் 2013 வரை ஹெர்ஷல் தொலைநோக்கி ஆராய்ந்த, நமக்கு அருகிலுள்ள சூரியனை ஒத்த நட்சத்திரங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் தூசி தென்பட்டது.

தூசியில் என்ன அதிசயம்? அது நிலைத்து நிற்காது. நட்சத்திரத்தின் ஒளி மிகச் சிறிய துகள்களைத் தள்ளிவிடும். மற்றவை மெல்ல மெல்ல நட்சத்திரத்தை நோக்கிச் சரிந்துவிடும். அப்படியும் தூசி இருக்கிறதென்றால், உள்ளே வால்மீன்களும் குறுங்கோள்களும் மோதி அரைபட்டுக்கொண்டே இருக்கவேண்டும். உரலில் இடித்தால்தானே மாவு பறக்கும்? அவை கிரகங்கள் உருவானபோது மிஞ்சிய கல்லும் மண்ணும். தூசியைக் கண்ட இடத்திலெல்லாம் பூமி இருக்கும் என்பதல்ல. ஆனால் கொத்தனார் வந்துபோன சுவடு உண்டு.

நம் சூரியனின் வீட்டிலும் இந்தத் தூசி உண்டு. அதைப் பார்க்கக் கருவியே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் நிலவில்லாத இரவில், கொல்லிமலையில் செம்மேட்டு விளக்குகளைத் தாண்டி, மேகமில்லாத மேற்கு வானத்தைப் பாருங்கள். அஸ்தமனமாகி ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கோபுரம்போல் ஒரு மங்கலான வெளிச்சம் எழும்பும். கிரகங்களுக்கிடையே மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி அது.

பட்டணத்து விளக்கு வெளிச்சத்தில் அது தெரிவதில்லை. நம் குழந்தைகளில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. விளக்குகள் மலையேறிக்கொண்டே போனால், நாளைக்கு அங்கேயும் தெரியாது. அதற்குமுன் ஒருதரம் அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். திரும்பி வந்து துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது, தூசியின்மேல் உங்களுக்கே கொஞ்சம் மரியாதை பிறந்திருக்கும்!