ஆணிக்கு முந்திய வேலை

ஸ்காபுரோவில் பழைய வீடு வாங்குகிற நம்மவர் முதல் காரியமாகக் கார்பெட்டைக் கிளப்புவார். அடுத்த கேள்வி, ஹார்ட்வுட்டை நாமே அடிப்பதா, ஆள் பிடிப்பதா? பிறந்தநாள் விழாக்களில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. "யூரியூப்பைப் பாத்து அடிக்கலாம் அண்ணை, என்ன பெரிய வேலை?" என்பது ஒன்று. "உந்த வில்லங்கம் வேண்டாம், ஆளிட்டைக் குடுங்கோ" என்பது மற்றது.

அடிக்கிற வேலை உண்மையில் பெரிய வேலையில்லை. முக்கால் அங்குலத் தடிப்பு ஓக் பலகை. ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் பள்ளம். வாடகைக்கு எடுத்த ஆணிக் கருவியை நாக்கின்மேல் பொருத்தி, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. ஆணி சரிவாக இறங்கிவிடும். அடுத்த பலகை வந்து அதை மூடிவிடும். சில வரிசைகளில் கை பழகிவிடும்.

வில்லங்கம் இருப்பது அதற்கு முன்னால். ரொறன்ரோவில் ஜனவரியில் ஃபர்னஸ் இரவு பகலாய் ஓட, வீட்டுக் காற்று வறண்டு பலகை சுருங்கும். கோடைப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் பருக்கும். சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டுவைப்பது இதற்காகத்தான். விடாவிட்டால் பருத்த பலகைக்குப் போக இடமின்றித் தரை நடுவில் எழும்பும். பெட்டிகளை வீட்டுக்குள் வைத்துக் காற்றுக்குப் பழக்கவும் வேண்டும். எத்தனை நாள் என்பதை ஈரமானிதான் சொல்லும். கீழேயுள்ள பிளைவுட்டுக்கும் பலகைக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் வரவேண்டும். மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகைக்கு 2 சதவீதம்.

நான் பார்த்த கெட்டுப்போன தரைகளில் பல, ஆள் பிடித்துப் போட்டவைதான். காலையில் வானில் வந்த பலகை பின்னேரம் தரையில் கிடக்கும். காசாகத் தந்தால் 13 சதவீத எச்எஸ்ரி இல்லை, பில்லும் இல்லை. ஓகஸ்டில் விளிம்புகள் தூக்கி நடு குழியும்போது, அந்த ஆளின் போன் அடித்துக்கொண்டேயிருக்கும். சொந்தமாய்ச் செய்கிறவருக்கு அடுத்த வீட்டு அவசரம் இல்லை, பொறுத்திருக்கலாம். ஆள்தான் வேண்டுமென்றால், விலை சொல்ல வருகிறவர் ஈரமானி கொண்டுவருகிறாரா, நீள மட்டக்கோலைத் தரையில் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பத்தடிக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஒரு ஆணியும் இறங்கக்கூடாது. அந்தக் கண்ணுக்குக் கூலி கொடுக்கலாம், தாராளமாக.

பேஸ்மென்ட் சீமெந்துத் தரைக்கு முழுமர ஹார்ட்வுட் ஆகாது, யார் அடித்தாலும். கார்பெட்டுக்கு அடியில் ஒன்பது அங்குலச் சதுர வைனைல் ஓடு தென்பட்டால் கையை எடுங்கள். எண்பதுக்கு முந்திய வீடுகளில் அதில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும். பரிசோதித்து, இல்லையென்று தெரிந்த பிறகே சுரண்டலாம்.

படுக்கையறையை நீங்களே அடியுங்கள். சதுர அறை, பிழைத்தாலும் கட்டில் மறைக்கும். படிக்கட்டில் மட்டும் கைவைக்காதீர்கள். ஒரு படியின் அளவு அடுத்த படிக்குப் பொருந்தாது, ஒவ்வொன்றையும் தனியே அளந்து வெட்டவேண்டும். படியின் மூக்குப் பலகை கொஞ்சம் ஆடினாலும் சறுக்கி விழப்போவது அம்மம்மா. அதற்கு நல்ல ஆளாய்ப் பிடியுங்கள், பில்லோடு.