முன் சக்கரமும் இழுக்க வேண்டுமா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் டிராக்டர் வாங்க எண்ணும் சிறு விவசாயி முதலில் கேட்கும் கேள்வி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியா என்பதாகும். ஏரிப் பாசனக் களிமண் வயலில் சேடை ஓட்டும்போது பின் சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று நிற்பதைக் கண்டவர்களுக்கு முதல் வகையின் மீது ஆசை எழுவது இயல்பே. ஆனால் அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கூடுதலாகக் கடன் சுமக்க வேண்டியுள்ளது. அந்தக் கடனை அடைக்கும் அளவுக்கு வேலை உள்ளதா என்பதே முக்கியம்.

சாதாரண டிராக்டரின் முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்புவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. அவற்றின் மேல் உள்ள பாரம் இழுவைக்கு உதவுவதில்லை. முன் சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்தால் அந்தப் பாரமும் வேலை செய்யும், வழுக்கல் குறையும். வழுக்கல் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போனால் டீசல் வீணாகும், டயரும் தேயும். சேற்றில் இது எளிதில் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே சேற்றுழவில் நான்கு சக்கர வண்டிக்கு உள்ள பலன் உண்மையானதே. எனினும் வயலின் அடியில் உள்ள கெட்டித் தட்டு உடைந்து, வண்டியின் அடிப்பாகம் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை சக்கரம் இழுத்தும் பயனில்லை.

இங்கு ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் கார்கள் உண்டு. 1980இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் வெளியிட்ட குவாட்ரோ கார் அத்தகையது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். அந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய அக்காரின் நடுவில் ஒரு டிபரென்ஷியல் உண்டு. ஆகவே அது தார் ரோட்டிலும் ஓடும். 1985இல் இந்தியாவில் வந்த மாருதி ஜிப்சி வேறு வகை; தேவைப்படும்போது லிவரைப் போட்டு முன் சக்கரத்தை இணைக்க வேண்டும். நம் டிராக்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையையே சேர்ந்தவை. அவற்றின் நடுவில் டிபரென்ஷியல் இல்லை. மேலும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று முந்தி ஓடுமாறே பல்சக்கரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முன் டயர் தேயும், பல்சக்கரங்கள் முறுக்கேறும்.

எனவே வயலை விட்டு ஏறியதும் லிவரை எடுத்துவிட வேண்டும். சரிவு மட்டும் இதற்கு விலக்கு. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது லிவரைப் போட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான் உள்ளது. லிவர் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். டயர் மாற்றும்போது கம்பெனி குறித்த அளவையே போட வேண்டும். பின் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றினால் முன்பின் கணக்குக் கெட்டுவிடும்.

இரண்டு ஏக்கர் நிலத்தில் சம்பாவும் நவரையும் செய்பவருக்கு ஆண்டில் இருபது முப்பது மணி நேர வேலைதான் இருக்கும். இவர் எந்த டிராக்டரையும் கடனுக்கு வாங்குவது சரியன்று. கேஜ் வீல் பூட்டிய சாதாரண டிராக்டரை வாடகைக்கு அமர்த்தினாலே சேடை நன்றாக அமையும். வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஏரியில் தண்ணீர் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும், நாற்றோ காத்திருக்காது என்று விவசாயிகள் சொல்வது நியாயமே. அதற்குத் தனிக் கடனைவிடக் கூட்டுச் சொத்து மேல். 2017-18இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்குக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் அமைத்து ஏரியைப் பேணிய ஊருக்கு இது புதிய பாடமன்று. தம் நிலத்துடன் ஊரார் நிலத்தையும் கூலிக்கு உழுது, ஆண்டில் பல நூறு மணி நேரம் ஓட்டுபவருக்கு மட்டுமே நான்கு சக்கர வண்டி கட்டுப்படியாகும்.

எந்த வண்டியானாலும், சேற்றில் சிக்கினால் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்றக் கூடாது. சக்கரம் சுழல முடியாதபோது வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். டிரைவர் குதிப்பதற்கும் நேரமிராது. கலப்பையைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம். முடியாவிட்டால் வேறொரு டிராக்டரைக் கொண்டு, தாழ்வான இடத்தில் கட்டி இழுக்க வேண்டும்.

பழைய நான்கு சக்கர டிராக்டரை விலை பேசுவோர் முன் டயரின் கட்டைகளை நன்றாகப் பார்க்க வேண்டும். பின் டயர் நன்றாயிருந்து முன் டயர் மட்டும் மழுங்கியிருந்தால், லிவரை எடுக்காமலே ரோட்டில் ஓட்டியிருக்கக்கூடும். அத்தகைய வண்டியின் முன் அச்சை மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.