வைக்கோல் தராமல் செங்கல் கேட்பவர்கள்



விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். செங்கல் அறுத்து வந்த இஸ்ரயேல் மக்களுக்கு அதுவரை வைக்கோல் கொடுக்கப்பட்டு வந்தது. மோசே விடுதலை கேட்டு வந்து நின்றதும் பார்வோன் வைக்கோலை நிறுத்திவிடுகிறான். இனி அவர்களே நாடெங்கும் அலைந்து தாள் பொறுக்கிக்கொள்ள வேண்டும்; ஆனால் நாளொன்றுக்குரிய செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. இந்தப் பகுதியில் நாம் கவனியாமல் கடந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. எகிப்தியரால் அமர்த்தப்பட்ட, ஆனால் இஸ்ரயேலரேயான மேற்பார்வையாளர்கள். கணக்கு குறைந்தபோது அடிபட்டவர்கள் அவர்களே.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசுக்காகப் பின்னணி விசாரணை செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களைப் பற்றி அண்மையில் வாசித்தபோது நமக்கு இந்த மேற்பார்வையாளர்களின் நினைவுதான் வந்தது.

அந்நாட்டில் இராணுவம், உளவுத்துறை, அணு ஆற்றல் போன்ற துறைகளில் இரகசியங்களைக் கையாள்வோர் பாதுகாப்பு அனுமதி பெற்றாக வேண்டும். 2013-இல் அத்தகைய அனுமதிக்குத் தகுதி பெற்றிருந்தோர் 50 இலட்சத்துக்கும் மேல். இவர்கள் ஒவ்வொருவரும் தாம் வாழ்ந்த வீடு, செய்த வேலை, பட்ட கடன், வெளிநாட்டு உறவு எல்லாவற்றையும் நீண்டதொரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். எழுதியது உண்மைதானா என்று பார்ப்பவர்தான் விசாரணையாளர். காரை எடுத்துக்கொண்டு அவர் பழைய அண்டை வீட்டாரைத் தேடிப் போகிறார். முன்னாள் முதலாளியை, மணமுறிவு பெற்ற துணையைச் சந்திக்கிறார். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பதிவேடுகளைப் பார்க்கிறார். இரவு வீடு திரும்பி அத்தனையையும் அறிக்கையாக எழுதுகிறார். தேடிப் போனவர் வீட்டில் இல்லையென்றால் அந்தப் பயணம் வீண். ஆனால் இத்தனை நாளில் இத்தனை கோப்பு என்ற கணக்கு காத்திருப்பதில்லை. அறிக்கைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரும் இவர்களுள் உண்டு. அவர்களுக்கு வீண் பயணம் என்பது வீண் நாள்.

உண்மை என்பது கேட்டவுடன் வந்துவிடுவதில்லை. சூசன்னாவுக்கு எதிராகச் சான்று சொன்ன முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று கேட்டார். அவர் கேட்கும் முன்னரே சபை தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது! திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்களைத் தனித்தனியே அமரவைத்துக் கேட்கும் பங்குத்தந்தையராகிய நமக்கும் இது தெரியும். முதல் பத்து நிமிடங்களில் ஒன்றும் வராது. பேச்சு முடிந்து எழுந்து, கதவருகில் நின்றுகொண்டுதான் சொல்லவேண்டியதைச் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டியிருக்கும் விசாரணையாளர் அந்தக் கதவருகே நிற்க முடியுமா?

இந்த வேலை தொடக்கத்தில் அரசு ஊழியர் கையில்தான் இருந்தது. 1996-இல் அரசு தன் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் விசாரணைப் பிரிவைத் தனியார்மயமாக்கியது. அங்கிருந்த நூற்றுக்கணக்கான விசாரணையாளர்கள் யு.எஸ்.ஐ.எஸ். என்ற புதிய நிறுவனத்தின் ஊழியர்கள் ஆனார்கள். முதலில் அந்த நிறுவனத்தின் பங்குகள் ஊழியர்கள் பெயரிலேயே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். உழைப்பவரே உடைமையாளராவதைத் திருச்சபையின் சமூகப் படிப்பினை எவ்வளவு விரும்பிப் பேசியிருக்கிறது! ஆனால் அது நிலைக்கவில்லை. நிறுவனம் கைமாறி, 2007-இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

பின்னர் நடந்ததை அமெரிக்க நீதித்துறை தன் குற்றச்சாட்டில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் நிறுவனத்தின் மறுஆய்வாளர் படித்துச் சரிபார்த்த பிறகே அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். 2008 முதல் 2012 வரை ஏறக்குறைய 6,65,000 கோப்புகள் அப்படி முழுமையாகச் சரிபார்க்கப்படாமலே, பார்த்தாயிற்று என்று சொல்லி அனுப்பப்பட்டன என்கிறது அக்குற்றச்சாட்டு. அக்காலத்தில் அனுப்பியவற்றில் இது சுமார் 40 விழுக்காடு. அலுவலகத்தினர் இதற்குத் தமக்குள் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: கொட்டிவிடுவது. செத்த தங்கமீனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவதுபோல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டோம் என்று அதிகாரிகளுக்கிடையே சென்ற ஒரு மின்னஞ்சலும் அதில் உண்டு. இதே ஆண்டுகளில், அதாவது 2008 முதல் 2010 வரை, நல்ல பணிக்கென்று அரசிடமிருந்து அந்நிறுவனம் பெற்ற ஊக்கத்தொகை ஒரு கோடியே 10 இலட்சம் டாலருக்கும் மேல்.

இதை வெளியே கொண்டுவந்தவர் களப்பணிகளை மேற்பார்த்த ஓர் இயக்குநர். கொட்டிவிடச் சொன்னபோது அவர் மறுத்தார், 2011-இல் வேலையிழந்தார். அதன்பிறகே அலபாமாவில் வழக்குத் தொடுத்தார். எகிப்தின் மேற்பார்வையாளர் அடிபட்டதை நாம் மீண்டும் நினைவுகூரத் தேவையில்லை.

2013 செப்டம்பர் 16-ஆம் நாள் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் ஆரன் அலெக்சிஸ் என்பவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். அவரும் பாதுகாப்பு அனுமதி பெற்றவர். 2007-இல் அவரைப் பற்றி விசாரித்தது இதே யு.எஸ்.ஐ.எஸ். 2004-இல் சியாட்டில் நகரில் ஒரு காரின் சக்கரங்களைத் துப்பாக்கியால் சுட்டதற்காக அவர் கைதாகியிருந்தார். அறிக்கையிலோ சக்கரங்களின் காற்றை இறக்கினார் என்ற அளவில்தான் இருந்தது, துப்பாக்கி இல்லை. காவல்துறையின் பதிவு கோப்பில் சேரவே இல்லை. இதை ஒரு தனி மனிதர் தலையில் சுமத்துவது சரியல்ல. அன்றைய விதிமுறைகளுக்கு உட்பட்டே அந்த விசாரணை நடந்தது என்று அரசே சொன்னது. நம்மை உறுத்துவதும் அதுதான். ஒரு துப்பாக்கி காணாமல்போனதை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு விதிமுறையே தளர்ந்திருந்தது.

2014-இல் அரசு அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நியாயம்தான். ஆனால் அதனால் வேலை இழந்தவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கோப்பைக் கொட்டச் சொன்னவர்கள் அல்லர். வேலையோ குறையவில்லை. மீதமிருந்த நிறுவனங்களின் தோளில் ஏறியது. 2018-இல் முடிவுறாமல் குவிந்திருந்த விசாரணைகள் ஏழு இலட்சத்தைத் தாண்டின. 2019 அக்டோபரில் இப்பணி பாதுகாப்புத் துறையின் கீழ் புதியதோர் அமைப்புக்கு மாற்றப்பட்டது. குவியலும் வெகுவாகக் குறைந்தது, 2024-இல் மீண்டும் ஏறியது. இதனிடையே 2018-இல் கொலராடோவில் வேறொரு நிறுவனத்தின் விசாரணையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கணக்கில் எழுதாமல் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த கூடுதல் நேரத்துக்கு ஊதியம் தரப்படவில்லை என்பது அவர்கள் முறையீடு. அறுவடை செய்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதைப் பற்றி யாக்கோபு எழுதினார் அல்லவா? அது வயல்வெளிக்கு மட்டும் எழுதியதன்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்சர்சென்ஸ்' சுற்றுமடலில் நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இருவரைப் பிரித்துக் காட்டுகிறார். சம்பளம் கொடுப்பவர் நேரடி முதலாளி. அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தன் சட்டங்களாலும் ஒப்பந்தங்களாலும் முன்கூட்டியே தீர்மானிப்பது மறைமுக முதலாளி. அரசை அவர் அதில் முதன்மையாக வைக்கிறார். கோப்புக்கு விலை பேசி, ஊக்கத்தொகையும் தந்த அரசு, உழைப்பவர் எங்கள் ஊழியர் அல்லர் என்று சொல்லி விலகிக்கொள்ள முடியாது.

இதைச் சொல்வதால் பொய் எழுதியவரை நாம் நியாயப்படுத்தவில்லை. சந்திக்காத மனிதரைச் சந்தித்ததாக, பார்க்காத பதிவைப் பார்த்ததாக எழுதிய குற்றத்துக்கு, அரசு ஊழியரும் ஒப்பந்தத்தாருமாகப் பத்துக்கும் மேற்பட்ட விசாரணையாளர்கள் வாஷிங்டனில் தண்டனை பெற்றிருக்கிறார்கள். சிலர் சிறைக்கும் சென்றார்கள். பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை களைத்துப் போனவர்க்கு விலக்குத் தருவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் நம்மிடம் வருபவருக்கும் அதைத்தான் சொல்வோம். ஆனால் அவரிடம், யார் உங்களை இப்படி விரட்டினார்கள் என்றும் கேட்போம்.

யு.எஸ்.ஐ.எஸ். வழக்கு 2015 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது. அரசிடமிருந்து தனக்கு வரவேண்டியிருந்த தொகையில் குறைந்தது மூன்று கோடி டாலரை விட்டுக்கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொய்யறிக்கைக்காகத் தண்டிக்கப்பட்ட விசாரணையாளர்களோ, தாங்கள் தொட்ட கோப்புகளை அரசு மீண்டும் விசாரிக்க ஆன செலவையும் கட்டுமாறு தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அந்தக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அதே வீடுகளின் கதவை வேறு விசாரணையாளர்கள் மறுபடியும் தட்டினார்கள்.