பூட்டு கம்பெனி தாத்தா

பெங்களூருல வேலை பார்க்கிற நம்ம செட்டுப் பையன் ஒருத்தன் லீவுக்கு திண்டுக்கல் வந்திருந்தான். அங்கே சனிக்கிழமை ஆனா கிராஃப்ட் பீர் கடையில உட்கார்ந்து புக்கர் பரிசு வாங்கின நாவலைப் பத்திப் பேசுவாங்களாம். "அதென்னடா கிராஃப்ட் பீர்?" "கடையிலயே காய்ச்சி, அங்கேயே ஊத்திக் குடுப்பாங்க மாப்ள." "அட, நம்ம மாஸ்டர் தினம் அதைத்தானேடா செய்றாரு!" டீக்கடை பெஞ்சே குலுங்கிடுச்சு.

பரிசு நாவல்தானே வேணும்? பைக்குள்ள இருந்து 'தோல்' நாவலை எடுத்து வெச்சேன். டி.செல்வராஜ் எழுதினது. 2012-ல சாகித்ய அகாடமி விருது. மனுஷன் நெல்லைச் சீமைக்காரர், நம்ம ஊர்ல வக்கீலா இருந்தவர், 2019-ல காலமாயிட்டார். தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்களை வெச்சு 'தேநீர்'னும் ஒரு நாவல் எழுதியிருக்கார் பாஸ். கையில டீ கிளாஸோட இதைச் சொல்றப்போ லேசா உறுத்தத்தான் செஞ்சது.

'தோல்' முழுக்க நம்ம ஊர் தோல் ஷாப்புத் தொழிலாளிங்க கதை. தோல் ஷாப்புன்னா நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பேகம்பூர் பக்கம் போறப்போ மூக்கைப் பொத்துறதும், கிணத்துத் தண்ணி கெட்டுப்போன கதையும்தான். 1996-ல தோல் கழிவு வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னப்போ, வேலூர்ப் பக்கத்தோட நம்ம மாவட்டமும் அதுல இருந்துச்சு. ஆனா, அந்தக் குழிக்குள்ள இறங்கி நின்னது யாரு? பச்சைத் தோலை சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டு, முடியும் சதையும் வழிச்சு, அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணியில போட்டுப் பதப்படுத்தணும். சுண்ணாம்பு, மாட்டுத் தோலை மட்டுமா அரிக்கும்? வாங்கின முன்பணத்துக்காக அதுலயே கிடந்தவங்க சங்கம் வெச்சு நிமிர்ந்த கதைதான் நாவல்.

"தலகாணி சைஸ்ல இருக்கு. ஒரே கொடி, கோஷம். இது பிரசாரம்டா, இலக்கியமில்ல"ன்னான் பெங்களூரு. எனக்கும் சில இடத்துல அப்படித் தோணினதுதான். இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். டீ ரெண்டாவது ரவுண்டுக்குப் போச்சு.

அதுவரைக்கும் வாயே திறக்காம இருந்த ஒருத்தன், "எங்க தாத்தா விசேஷ வீட்டுல பந்தியில உட்கார மாட்டாரு. கை விரலெல்லாம் வெந்து கறுத்திருக்கும். சின்னப்புள்ளையில நானே அவரு கையைப் புடிக்க மாட்டேன்"னான்.

"உங்க தாத்தா பூட்டு கம்பெனிலதானடா இருந்தாரு?"

"உங்ககிட்ட அப்படித்தான சொன்னேன்."

மூணு வருஷமா ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்கோம். பூட்டு கம்பெனின்னே நம்பிக்கிட்டு இருந்திருக்கோம். பெங்களூரு கிளாஸைக் கீழ வெச்சுட்டு, "ஸாரிடா"ன்னான். எதுக்குன்னு அவனுக்கே தெரியலை.

தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாதாம். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் இவன் பத்துப் பக்கம் வாசிக்க, அவர் நடுவுல நிறுத்தி, "அப்படி இல்லடா, நான் சொல்றேன் கேளு"ன்னு ஆரம்பிச்சிடுறாராம். அதனால புத்தகம் நகரவே மாட்டேங்குதாம். என் புத்தகம் போய் ரெண்டு மாசமாச்சு. இன்னும் திரும்பி வரலை. நானும் கேக்கலை.