மௌனம் உசத்தி, கூச்சல் மட்டமா?

இலக்கியம் பேச நாலு பேர் கூடினால் இந்த வசனம் வந்தே தீரும்: மனசின் கொந்தளிப்பை எழுதுவதில் மௌனி ஆழம், ஜெயகாந்தன் வெறும் கூச்சல். சொல்பவர்களில் பல பேர் மௌனி எழுதிய சுமார் இரண்டு டஜன் கதைகளில் நாலைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். (புதுமைப்பித்தனே அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லிவிட்டார் இல்லையா, அது போதும்!)

வேடிக்கை என்னவென்றால் மூன்று பேருக்கும் ஒரே வட்டாரத்துச் சம்பந்தம். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது 1934-ல், கடலூர் மஞ்சக்குப்பத்தில். மௌனி பிற்காலத்தில் குடியிருந்ததும் 1985-ல் இறந்ததும் சிதம்பரத்தில்.

'அழியாச்சுடர்' நாயகன் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பல வருடம் முந்தைய ஒரு கோவில் கணம் அவனை அரிக்கிறது. அழகான கதை, மறுப்பே இல்லை. ஆனால் அவனுக்குத் தனிமை இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. புதுமைப்பித்தனின் பிரமநாயகம் பிள்ளைக்கு? ஜவுளிக்கடை வேலை. அது முடிந்தால் செல்லம்மாளுக்குத் தவிட்டு ஒத்தடம். அவள் போன பிறகு குளிப்பாட்ட வெந்நீர். கலங்குவதற்கும் நேரம் வேண்டுமே!

சரி, கூச்சல்காரருக்கு வருவோம். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்'. மழையில் யாரோ ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், நடந்ததை அம்மாவிடம் வந்து சொல்கிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். பக்கத்துக் குடித்தனத்தில் என்ன சத்தம் என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில் அம்மா எதையோ சொல்லிச் சமாளித்து, அலறலை விழுங்குகிறாள். தலையில் தண்ணீர் கொட்டுவதெல்லாம் அப்புறம்தான். மொத்தக் கதையும் அந்த விழுங்கலில் நிற்கிறது. இதையா கூச்சல் என்கிறார்கள்?

சந்தேகம் இருந்தால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எடுத்துப் பாருங்கள். அதில் அம்மா விழுங்கவில்லை. விஷயம் அம்பலமாகிறது, அண்ணன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். வாய் மூடியதா திறந்ததா என்பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. சத்தத்தின் விலையை இவ்வளவு கறாராகக் கணக்குப் போட்டவரைத்தான் சத்தக்காரர் என்று ஒதுக்குகிறார்கள்!

பிரசங்கம் செய்கிற ஜெயகாந்தனும் உண்டு, முன்னுரைகளில் நிறையவே. அதைத் தாராளமாகத் திட்டட்டும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற வீட்டுக்காரியும் மௌனி பாணியில்தான் கலங்க வேண்டும் என்பவர்கள், முதலில் அவளுக்கு ஒரு தனி அறை பார்த்துக் கொடுக்கட்டும்.