விரல்நுனியில் வாழட்டும் தமிழ்!

“கண்ணிழந்தார்க்கு இனி எழுத்து எதற்கு? கைப்பேசிதான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே!” இவ்வாறு கேட்போர் இன்று பெருகி வருகின்றனர். கேட்பதற்கு இனிதாய்த் தோன்றும் இவ்வுரை, தமிழ்ப் பிள்ளைகளுள் ஒரு சாராரை எழுத்தறியாதாராய் ஆக்கிவிடும் கேடுடையது என்பதைத் தமிழன்பர்கள் உணர்தல் வேண்டும்.

கேட்டல் வேறு, எழுத்தறிதல் வேறு. அறமும் அரமும் இன்றைய நாவில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. வலி, வளி, வழி மூன்றும் பலர் வாயில் ஒன்றாகிவிட்டன. நகர னகரங்களைச் செவியால் மட்டும் பிரித்தறிவார் எத்துணையர்? கண்ணுள்ள மாணவன் ஏட்டைக் கண்டு திருத்திக் கொள்கிறான். கண்ணில்லா மாணவனுக்கு ஏடாவது புள்ளியெழுத்து ஒன்றே. அதனைப் பறித்துவிட்டு ஒலிக்கருவியை மட்டும் கொடுப்பது, ஈயும் கையாலேயே பறிப்பதன்றோ?

வரலாறும் இதனையே கூறுகிறது. பிரான்சு நாட்டுப் படைத்துறையினரான சார்லசு பார்பியே, பன்னிரு புள்ளிகளால் ஆன ஒரு முறையை வகுத்தார். அஃது ஒலிகளைக் குறித்ததேயன்றி எழுத்துகளைக் குறிக்கவில்லை. மேலும், அதன் கட்டம் ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. மூன்றாம் அகவையில் கண்ணுக்கு ஊறுபட்டுப் பின் பார்வை முழுதும் இழந்த இலூயி பிரெயில் அதனைத் தொட்டுப் பார்த்தார், குறை கண்டார், ஆறு புள்ளிகளாகக் குறைத்து, எழுத்துக்கு எழுத்து குறியமைத்து, 1829இல் நூலாக வெளியிட்டார். கருவி செய்வோர்க்கு இதில் பாடம் உண்டு. பயன்படுத்தும் விரலைக் கேளாமல் கண்ணுடையார் மட்டும் கூடிச் செய்யும் கருவி நிலைக்காது.

ஆறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். இந்திய மொழிகட்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பெற்ற பாரதி பிரெயில் முறையில் நம் தமிழ் அமர்ந்திருக்கும் அழகைப் பாருங்கள்! உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, புள்ளிக்கென ஒரு குறி; ஆக, 32 குறிகளில் 247 எழுத்துகளும் அடங்குகின்றன. அச்சில் ‘கொ’ எழுத முன்னே கொம்பும் பின்னே காலும் இடுகிறோம். புள்ளியெழுத்திலோ ககரக் குறியை அடுத்து ஒகரக் குறி, அவ்வளவே. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் இலக்கண முறையே அங்கு எழுத்து முறையாகவும் நிற்கிறது. 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் றா, னா, லை போன்றவற்றின் வடிவை மாற்றியபோதும், இம்முறையில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அளபெடை ஒழிந்த இடங்களில் தமிழ்ச் சொல்லின் இடையே உயிர் தனித்து வாராது. ஆதலின் மயக்கத்துக்கும் இடமில்லை. வேற்றெழுத்துகளை விலக்கிய தூய தமிழ், விரலுக்கும் எளிய தமிழாகும்.

தமிழ்நாட்டில் இக்கல்வி புதியதன்று. பாளையங்கோட்டையில் 1890இலேயே ஆசுக்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளி தொடங்கினார். திருக்குறள், மணிமேகலை முதலியவற்றின் புள்ளியெழுத்துப் பதிப்புகள் 2023ஆம் ஆண்டு திசம்பரில் வெளியிடப்பெற்றன. நூல்கள் வருகின்றன, ஆயின் படிக்கப் பழகிய விரல்கள் வேண்டாவா? ஊர்ப்பள்ளியில் பிறரோடு அமர்ந்து பயிலும் குழந்தைக்குத் தொட்டறியும் கருவி எங்கே?

புள்ளிகள் தாமே எழுந்தமிழும் மின்கருவிகள் உள்ளன. மின்னழுத்தம் பெற்றால் வளையும் மெல்லிய தகடுகள் ஊசிகளை உயர்த்துகின்றன. நாற்பது கட்டங்கள் கொண்ட ஒரு வரிக்கு, கட்டத்துக்கு ஆறெனக் கொண்டாலும் 240 ஊசிகள். அத்தனைக்கும் தனித்தனித் தகடுகள். விலை ஏறுவது இதனாலேயே. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2019இல் ‘டாட்புக்’ என்னும் கருவியை விலை குறைத்துச் செய்து காட்டினர். தில்லியால் இயன்றது நம்மால் இயலாதா?

வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்ததால் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. பொறியியற் கல்லூரி 1952இல் எழுந்தது. கல்லலிலிருந்து கூப்பிடு தொலைவு என்னும்படி இத்துணை அறிவுக்கூடங்கள் இருக்க, அ முதல் ன வரை தமிழ் முறைப்படியே கற்பிக்கும் ஒரு கருவியை ஆண்டுதோறும் வெளியேறும் மாணவர்கள் தம் பயிற்சிப் பணியாகச் செய்யலாகாதா? ஆங்கிலத்தை முதற்கண் புகட்டிவிட்டுத் தமிழைப் பின்னே ஒட்டவைக்கும் கருவி நமக்கு வேண்டா.

அதுவரை காத்திருக்கவும் வேண்டா. ஒரு சாண் பலகை, ஆறு குழி, ஆறு முளை; குழந்தை எழுத்தை அமைத்துத் தடவிப் பழக இவை போதும். நிலைக்கதவில் பூவும் கொடியும் செதுக்கும் செட்டிநாட்டுத் தச்சர்க்கு இஃது ஒரு பொழுதின் வேலை. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் தத்தம் பள்ளிக்கு ஒரு பலகையேனும் செய்தளிக்கட்டும். கற்பிக்கும் ஆசிரியரைப் புள்ளியெழுத்தறிந்த பார்வையற்றோரிலிருந்தே அழைக்கட்டும்.

பார்வையற்றோர்க்கு ஏற்ற முறையில் கல்வி தருக என 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிடுகிறது. சட்டத்தைச் சுட்டி அரசை வினவுவதும் நம் கடன். பலகையைச் செய்து பிள்ளையின் கையில் வைப்பதும் நம் கடன். தமிழ் வாழ்க என முழங்கினால் போதாது. தமிழர் ஒவ்வொருவர் விரலிலும் அது வாழ வழி செய்வோம்!