சமரசம் பேசியவர்களைக் கேட்பார் இல்லையா?



'டு கில் எ டைகர்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் தகப்பனாரின் நெஞ்சுரத்தை மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ஜார்க்கண்டில் தன் 13 வயது மகளைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்த மூவருக்கு 25 ஆண்டு சிறை கிடைக்கும்வரை ஊரையே எதிர்த்து நின்ற விவசாயி அவர். நிஷா பஹுஜா இயக்கிய இந்தப் படம் 2024 ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அவரை அந்தப் பாடு படுத்தியவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த மூவரில் ஒருவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துவிடலாம் என்று ஊர்க்காரர்கள் யோசனை சொல்கிறார்கள். எதிரே கேமரா ஓடுவது தெரிந்தும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி நெருக்குகிறார்கள். படக்குழுவினரையே சூழ்ந்துகொண்டு மிரட்டுகிறார்கள்.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் பதிவாகும் வழக்கு ஒன்றும் வரப்புத் தகராறு அல்ல, ஊர் கூடிப் பேசி முடிப்பதற்கு. ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறியதாக ஓர் ஆசிரியர்மீது பதிவான வழக்கை, சிறுமியின் தந்தை சமரசத்துக்கு உடன்பட்டதைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, வழக்கு நடந்தே ஆக வேண்டும் என்றது. பெற்ற தகப்பனே சமரசமாகப் போனாலும் செல்லாது என்றால், சமரசத்துக்கு வரச் சொல்லி அவரை மிரட்டுகிறவர்களைச் சும்மா விடலாமா?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டினால் ஏழாண்டு வரை சிறை. சாட்சிகளைக் காக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-லேயே ஏற்றது. ஒவ்வொரு மாநிலமும் அப்படியொரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. போக்சோ விசாரணையை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. வாய்தா நீள நீள, வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து சமரசம் பேசுகிறவர்களுக்குத்தான் வசதி.

ஆகவே, போக்சோ வழக்கு பதிவானதுமே குழந்தையின் வீட்டாருக்குப் பாதுகாப்பு உண்டா என்று மாவட்ட நீதிபதி தலைமையிலான சாட்சிப் பாதுகாப்புக் குழு பார்க்க வேண்டும். கேட்டு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிரட்டியவர் வார்டு உறுப்பினரானாலும் சாதித் தலைவரானாலும் தனி வழக்குப் போட வேண்டும். ஒரு விவசாயியின் பிடிவாதத்தை நம்பி அரசாங்கம் கைகட்டி நிற்பது வெட்கக்கேடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.